பேணுவோரைப் பேணுதல்

நோயாளியைப் பற்றி எழுதுவோர் பலர். அந்நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்து நிற்பவரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவது செவிலியரின் மனத்தைப் பற்றி. கொள்ளைநோய் ஒன்று நாட்டைச் சூழும்போது அவர்கள் மனம் எவ்வாறு சுமை தாங்குகின்றது, எவ்விடத்தில் முறிகின்றது, முறிந்தது மீண்டும் பொருந்துவதற்கு யார் யார் என்ன செய்தல் வேண்டும் என்பவையே பொருள். நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து இத்தொழிலுக்குச் சென்றுள்ள பெண்மக்கள் உண்டு. ஆதலின் இது நமக்கு அயலார் செய்தியன்று.

இதை எழுதத் தூண்டியது நம்முடைய பிழை ஒன்றாகும். அதனை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலை பெங்களூரை அலைக்கழித்த நாட்களில், ஓர் இரவு பதினொரு மணிக்கு மேல் நமக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் நம் அன்பர் ஒருவரின் மகள். அந்நகர மருத்துவமனை ஒன்றில் செவிலியர். அன்று தம் பணிநேரத்துக்குள் நால்வர் இறந்ததையும், அவர்களுள் ஒருவர் கடைசி வரையில் தம் கையை விடாமற் பற்றியிருந்ததையும் சொன்னார். நாமோ அவர் சொல்லி முடிக்கு முன்பே பேசத் தொடங்கினோம். நிலையாமையைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினோம். தொண்டின் பெருமையையும் அதனோடு சேர்த்துக்கொண்டோம். "சரிங்க ஐயா" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். நல்லதோர் அறவுரை செய்தோம் என்ற நிறைவோடு நாம் உறங்கச் சென்றோம்.

மறு ஆண்டு வைசாகத் திருநாளில் அப்பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்த விரும்பி அழைத்தோம். அவர் மறுத்தார். காரணம் கேட்டபோது, "அன்றைக்கு நான் உபதேசம் கேட்கக் கூப்பிடவில்லை ஐயா. வீட்டில் சொன்னால் அம்மா பயந்துவிடுவார்கள். யாரிடமாவது சொல்லிவிட்டுத் தூங்கவேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான்" என்றார். குறை கூறும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் நம்மை விட்டு நீங்கவில்லை. அதன் பிறகே இவ்விஷயத்தைப் பற்றி மருத்துவ அறிஞர் கண்டவற்றையும், நம் பழைய நூல்கள் கூறுவனவற்றையும் ஒருங்கு வைத்துப் படிக்கத் தொடங்கினோம்.

கொள்ளைநோய்க் காலத்தில் செவிலியரின் ஒருநாட் பணி எத்தகையது என்பதை அறியாமல் அவர்கள் மனத்தை அறிதல் இயலாது. கொரோனா வார்டுக்குள் நுழையுமுன் தலை முதல் கால் வரை மூடும் பாதுகாப்பு உடையை அணிதல் வேண்டும். அதன்மேல் இறுக்கமான முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை. அணிந்த பின் தண்ணீர் அருந்த முடியாது. கழிவறை செல்ல முடியாது. ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் இந்நிலையில் நின்றவர் பலர். காற்றோட்டமில்லாத அவ்வுடைக்குள் வியர்வை வழிந்து காலுறை வரை நனையும். மாதவிலக்கு நாட்களில் பட்ட துன்பத்தை அவர்கள் வெளியிற் சொல்லியதில்லை. கண்ணாடியில் ஆவி படர்ந்து பார்வை மங்கும்போது ஊசி போட நரம்பு தேடுதல் வேண்டும். எல்லாரும் ஒரே உடையில் இருத்தலின் உடன் நிற்பவர் யாரெனத் தெரியாது; உடையின் நெஞ்சுப் பக்கத்தில் மையால் பெயர் எழுதிக்கொண்டு ஒருவரை ஒருவர் அறிந்தார்கள்.

இது உடலின் துன்பம். மனத்தின் துன்பத்தை அறிஞர் மூன்றாகப் பகுத்துக் கூறுவர். முதலாவது பணிச்சோர்வு. நியூயார்க்கில் மனநல மருத்துவத் தொண்டு புரிந்த ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974இல் இதற்கு ஒரு பெயரிட்டு விவரித்தார். நாள்தோறும் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துக்கொண்டேயிருப்பவர் ஒருநாள் திடீரென்று அணைந்துபோன அடுப்பைப் போலாவது இது. இரண்டாவது இரக்கச்சோர்வு. 1992இல் கார்லா ஜாயின்சன் என்னும் அமெரிக்கச் செவிலியர் அவசர சிகிச்சைப் பிரிவில் உடன் பணிபுரிந்தோரைக் கண்டு எழுதியபோது இச்சொல்லை ஆண்டார். பிறர் துயரைக் கண்டு கண்டு உருகியவர் பின்னர் எதற்கும் உருகாதவராக மரத்துப்போதல் இது.

மூன்றாவதைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். அதற்கு அறத்துயர் என்று நாம் பெயரிடுவோம். செய்யத்தக்கது இன்னதென்று தெரியும். ஆயினும் இடமோ பொருளோ ஆளோ இல்லாமையால் அதைச் செய்ய முடியவில்லை. அப்போது எழும் துயர் இது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984இல் செவிலியரின் ஒழுக்கநெறி பற்றி எழுதிய நூலில் இதனை முதன்முதலாக எடுத்துக் காட்டினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்றிரண்டு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் நிற்பதே முறை. இரண்டாம் அலையில் அம்முறை பல இடங்களில் நின்றிலது. ஒரு படுக்கையில் ஆக்சிஜன் அளவு இறங்குவதை மணியோசை அறிவிக்கும். இன்னொரு படுக்கையில் ஒருவர் தண்ணீர் கேட்பார். மூன்றாவதில் ஒருவருடைய மகன் தந்தை முகத்தைக் காணத் தொலைபேசியில் காத்திருப்பான். ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டையும் கைவிட்டதாகும். வீடு திரும்பிய செவிலியரை உறங்கவிடாமற் செய்தது பெரும்பாலும் மரண பயமன்று. அந்தத் தண்ணீர் கேட்ட குரலே. இதனை மனோபலக் குறைவு என்று கூறுவார் அறியாதார். நல்ல மனச்சாட்சி உள்ளவர்க்கே இத்துயர் உண்டாகின்றது.

இத்துயர் சிலர்க்கு மட்டும் வந்ததன்று. சீனாவில் 2020 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 மருத்துவப் பணியாளரிடம் வினவியபோது, 100க்கு 50 பேர்க்கு மனத்தளர்ச்சியின் அடையாளங்களும், 34 பேர்க்கு உறக்கமின்மையும், 71 பேர்க்கு ஏதேனும் ஒரு வகை மனவேதனையும் இருந்தமை கண்டனர். செவிலியர், பெண்கள், நோயாளியை நேரே தொட்டுப் பணிபுரிந்தோர் ஆகியோரிடத்தில் இவை மிகுந்திருந்தன. நோய் ஓய்ந்தால் இதுவும் ஓய்ந்துவிடும் என்று எண்ணுதலும் தவறு. 2003இல் சார்ஸ் என்னும் நோய் கனடாவின் டொராண்டோ நகரைத் தாக்கியது. ஓராண்டும் இரண்டாண்டும் கழிந்த பிறகு அந்நகர மருத்துவப் பணியாளரை ஆராய்ந்தபோது 100க்கு 30 பேர் பணிச்சோர்வுற்றிருந்தனர். சார்ஸ் நோயாளிகளைக் காணாத பக்கத்து ஹாமில்டன் நகரில் அத்தொகை 19 மட்டுமே. ஆனால் டொராண்டோ ஆராய்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தமக்குத் தக்க பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவர்க்கு நெடுநாட்டுன்பம் குறைவாக இருந்தது. ஆகவே நெஞ்சுரத்தை அளந்து பார்த்தவர்கள், அது ஓரளவுக்கு வெளியிலிருந்து வந்து சேர்வதென்பதைக் கண்டனர்.

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று சீனாவில் ஹூனான் மாநிலத் தலைநகரான சாங்ஷாவில் நடந்தது. அங்குள்ள இரண்டாம் சியாங்யா மருத்துவமனையினர் 2020 தொடக்கத்தில், தம் பணியாளரின் மனச்சுமையைத் தணிக்க விரைந்து ஒரு திட்டம் வகுத்தனர். மனநல நிபுணர் குழு ஒன்று அமைந்தது. மனவழுத்தத்தைச் சமாளிக்கும் பாடங்கள் இணையவழியே வழங்கப்பட்டன. தொலைபேசி ஆலோசனையும், கூடிப் பேசும் வகுப்புகளும் ஏற்பாடாயின. எல்லாம் சிறந்த ஏற்பாடுகளே. ஆயினும் செவிலியர் வரவில்லை! எரிச்சலும் களைப்பும் முகத்தில் எழுதியிருந்த செவிலியரை அழைத்தபோதும், தமக்கு ஒரு குறையுமில்லை என்று சொல்லி விலகினர்.

அந்த மருத்துவமனையாரை நாம் பாராட்டுவது இதற்கு மேல் அவர்கள் செய்ததற்காக. வராதவரைக் குறைகூறாமல், 13 பணியாளரை அமரவைத்து அரைமணி அரைமணியாக அவர்கள் சொல்வதைக் கேட்டனர். பணியில் இறங்கிய பின் தமக்கு நோய் தொற்றுமோ என்பது அவர்களுடைய முதற் கவலையாக இல்லை. வீட்டார் தம்மைக் குறித்துக் கலங்குவரே என்பதும், தம்மால் வீட்டுக்கு நோய் செல்லுமோ என்பதுமே கவலை. அச்சத்தாலும் அறியாமையாலும் ஒத்துழைக்க மறுக்கும் நோயாளிகளை எவ்வாறு நடத்துவதென்று தெரியவில்லை. பாதுகாப்பு உடை தீர்ந்துவிடுமோ என்ற பயமும், மிகவும் கவலைக்கிடமானவரைப் பேணத் தம் திறமை போதாதே என்ற குறையும் இருந்தன. தமக்கு வேண்டுவது மனநல மருத்துவர் அல்லர். இடையூறில்லாத உறக்கமும் போதிய பாதுகாப்புப் பொருள்களுமே என்று பலர் சொன்னார்கள்.

திட்டம் மாற்றப்பட்டது. வீட்டாரிடமிருந்து தற்காலிகமாகத் தனித்திருந்து ஓய்வெடுக்க இடம் அளித்தனர். உணவும் அன்றாடத் தேவைகளும் அங்கேயே கிடைக்கச் செய்தனர். தாம் எவ்வாறு பணிபுரிகின்றோம் என்பதை வீட்டார் கண்டு ஆறுதல் கொள்ளுமாறு அவர்கள் தம் பணியைப் படமெடுத்து அனுப்ப உதவினர். நோயைப் பற்றியும், கலங்கிய நோயாளியை அமைதிப்படுத்துவது பற்றியும் முன்கூட்டியே பயிற்சி தந்தனர். முரண்டு செய்வோரைக் கையாளக் காவலர் நின்றனர். இவ்வளவும் ஆன பிறகு மனநல ஆலோசகர் அந்த ஓய்விடத்துக்குத் தாமே சென்றார்கள், சென்று உபதேசிக்கவில்லை, அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டார்கள். முன்பு அழைத்தபோது வராதவர்கள் இப்போது பேசினார்கள்.

இச்செய்தியைப் படித்தபோது நமக்கு அந்த மே மாத இரவு நினைவுக்கு வந்தது. பசித்தவனுக்குச் சோறு, களைத்தவனுக்குப் பாய், பிறகு அவன் விரும்பினால் பேச்சு என்னும் வரிசையை நம் பாட்டிமார் அறிவார்கள். கற்றவர்களாகிய நாமே அதனைத் தலைகீழாக்கி விடுகின்றோம்.

இனி, இருவராய் நிற்பது பற்றிச் சொல்வோம். பாதுகாப்பு உடையை அணிவதினும் கழற்றுவதே அபாயம் மிக்கது. களைத்துப்போன கை தன்னையறியாமல் முகத்தைத் தொட்டுவிடும். 2014இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் எபோலா நோயாளி ஒருவரைப் பேணிய செவிலியர் இருவர்க்கு அந்நோய் தொற்றியது. அதன்பின் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட நெறிகளில், உடையைக் கழற்றும்போது பயிற்சி பெற்ற மற்றொருவர் எதிரே நின்று ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக் கண்காணித்தல் வேண்டும் என்று வகுத்தது. உடலைக் காக்க வகுத்த இம்முறை மனத்தைக் காக்கவும் பயன்படும் என்பது அடுத்த கொள்ளைநோயில் விளங்கிற்று. 2020 மார்ச் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரையில், புதியவரை அனுபவமுள்ளவரோடு இணையாக்குக என்றும், கடும் பணியிலிருந்தோரை இலேசான பணிக்கு முறைவைத்து மாற்றுக என்றும் கூறப்பட்டுள்ளது. அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் படைவீரரிடையே வழங்கிய துணைவர் முறையைத் தம் மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவர்க்கும் ஒரு துணைவர். நாள்தோறும் சில நிமிடம் ஒருவரை ஒருவர் விசாரித்தல். அவ்வளவே முறை. மேலதிகாரியிடம் சொல்லக் கூசுவதைத் துணைவரிடம் சொல்லலாம். "நீ நேற்றுச் சாப்பிடவில்லை, உன் கை நடுங்குகின்றது" என்று அவரும் சொல்லலாம்.

இங்கு விநய பிடகத்தின் மகாவக்கப் பகுதியில் வரும் நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுகின்றோம். நம்மவர் பலமுறை கேட்டதே. எனினும் செவிலியரை மனத்திற்கொண்டு கேட்பது புதிது. வயிற்றுக் கடுப்பால் தம் கழிவிலேயே விழுந்து கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். தண்ணீர் கொண்டுவருமாறு ஆனந்தரைப் பணித்தார். பகவான் நீரை ஊற்ற ஆனந்தர் கழுவினார். பின்னர்ப் பகவான் தலைப்பக்கமும் ஆனந்தர் காற்பக்கமும் பற்றி அவரைத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். பகவானே ஆயினும் அந்நோயாளியைத் தனியே தூக்க முற்படவில்லை என்பதை நாம் இதுகாறும் கவனித்ததில்லை. மேலும் அவர் அத்துடன் நில்லாமற் பிக்குகளைக் கூட்டி, இவரை ஏன் ஒருவரும் பேணவில்லை என்று வினவினார். இவரால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பது விடை. அதன்மேல் அவர் விதித்தது யாது? ஆசிரியருளராயின் ஆசிரியரும், மாணவருளராயின் மாணவரும், நோயாளி குணமடையும் வரையிற் பேணல் வேண்டும்; ஒருவரும் இலராயின் சங்கம் பேணல் வேண்டும்; பேணாதொழிதல் குற்றம். ஆகவே நோயாளியைப் பேணுதல் தனி ஒருவரின் நல்ல மனத்தை நம்பி விடப்படாமல், கூட்டத்தின் கடமையாக அன்றே சட்டமாயிற்று.

அதே பகுதியில் பேணத்தக்கவர்க்குரிய ஐந்து தகுதிகள் சொல்லப்படுகின்றன. மருந்து கலக்கத் தெரிதல். ஏற்றது ஏலாதது அறிந்து ஏலாததை விலக்குதல். ஊதியத்தின் ஆசையாலன்றி மைத்திரியால் பேணுதல். மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை அருவருப்பின்றி அகற்றுதல். தக்க சமயத்தில் தம்மச் சொல்லால் நோயாளியை மகிழ்வித்தல். இவற்றுள் முதலிரண்டும் தொழிற்றிறமை என்பதைக் காண்க. திறமை போதாதே என்று சாங்ஷாச் செவிலியர் வருந்தியது ஏன் என்பது இதனால் விளங்கும். அன்பு இருந்தும் கை தெரியாதபோது மனம் தவிக்கின்றது. ஐந்தாவதில் "தக்க சமயம்" என்ற அடைமொழியை நாம் அன்றிரவு மறந்தோம். நோயாளிக்கும் ஐந்து கடமைகள் அங்கு உள. தன் நோயின் நிலையை மறைக்காமற் பேணுவோரிடம் உள்ளபடி சொல்லுதல் அவற்றுள் ஒன்று. கொரோனாக் காலத்தில் காய்ச்சலை மறைத்து வந்தோரால் செவிலியர் பலர் நோயுற்றனர் என்பதை எண்ணும்போது இதன் அருமை தெரியும்.

செவிலியரின் உள்ளத்துக்குள்ளே செய்யத்தக்கது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அதுவும் இரக்கத்தின் தன்மையைச் சரியாக அறிவதில் அடங்கியுள்ளது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்தி மார்க்கத்தை இயற்றிய புத்தகோசர், கருணைக்குப் பகைகள் இரண்டு என்கின்றார். கொடுமை சேய்மைப் பகை. துக்கம் அண்மைப் பகை. கொடுமை கருணைக்கு மாறென்பது யாவர்க்கும் தெரியும். துக்கமோ கருணையின் உருவத்திலேயே அருகில் வந்து அமர்வதால் அதனைக் கருணையென்றே எண்ணி ஏமாறுகின்றோம். பிறர் துயரைத் தன் துயராக்கிக்கொண்டு அதில் மூழ்குதல் துக்கம். பிறர் துயர் நீங்கவேண்டும் என்று விரும்பி அதற்கான செயலில் மனம் நிற்றல் கருணை. மூழ்குபவரால் மற்றொருவரைக் கரையேற்ற இயலாது.

ஏறத்தாழ 1,500 ஆண்டுகட்குப் பின்னர் இவ்வேறுபாடு ஆராய்ச்சிச் சாலையிற் சோதிக்கப்பட்டது. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் உடன் பணியாற்றியோரும் சிலர்க்கு முதலில் பிறர் வேதனையை அப்படியே உணரும் பயிற்சி தந்தனர். துன்பக் காட்சிகளைக் கண்டபோது அவர்களுடைய மனவேதனை பெருகிற்று. அவர்கட்கே பின்னர்க் கருணைப் பயிற்சி தந்தனர். வேதனை பழைய அளவுக்கு இறங்கிற்று. அன்பும் நல்லுணர்வும் எழுந்தன. இரு நிலைகளிலும் மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறு வேறாயிருந்தன. இவ்வாராய்ச்சியில் தொடக்கத்தில் துணைநின்றவர் மத்தியூ ரிக்கார் என்னும் பிரெஞ்சுப் பௌத்தத் துறவி. பிறர் வேதனையை மட்டும் உணர்ந்துகொண்டிருந்தபோது விரைவில் சோர்ந்துபோனதாகவும், கருணைக்கு மாறியதும் அச்சோர்வு நீங்கியதாகவும் அவர் கூறினார்.

வார்டில் நிற்கும் ஒருவர் இதை எப்படிச் செய்வது? அவர்க்கு ஆசனமிட்டு அமர நேரமில்லை. ஆயினும் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் அவர் கை கழுவியே ஆகவேண்டும். சோப்பிட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். அந்நேரத்தில் பாதம் தரையில் ஊன்றி நிற்பதை உணர்ந்து, மூன்று மூச்சை அறிந்து விட்டு, விட்டுவந்தவர் நலமுறுக என்றும் காணப்போகின்றவர் நலமுறுக என்றும் எண்ணலாம். இதனால் ஆளில்லாக் குறை தீரும் என்றோ, எல்லாத் துயரும் நீங்கும் என்றோ நாம் சொல்லவில்லை. உறக்கம் பல நாள் வராமை, வீட்டார் முகம் காணவும் வெறுப்பு, ஒன்றிலும் உணர்ச்சி எழாமை, செத்துவிடலாமென்ற எண்ணம் ஆகியவை தோன்றினால் தியானத்தை நம்பியிராமல் மனநல மருத்துவரைக் காணல் வேண்டும். எலும்பு முறிந்தவர் மருத்துவரிடம் செல்ல வெட்கப்படுவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. தியாகக் கதைகளை நாம் மிகவும் விரும்புகின்றோம். 1897இல் பூனாவைப் பிளேக் நோய் தாக்கியபோது, அன்னை சாவித்திரிபாய் பூலே நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு தம் வளர்ப்பு மகனான மருத்துவர் யஷ்வந்தின் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றார். அந்நோய் தொற்றி அவ்வாண்டு மார்ச் 10இல் மறைந்தார். 2018 மே மாதத்தில் கேரளத்தில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, நிபா நோயாளியைப் பேணி, அந்நோய்க்கே ஆளாகி, தனிமை அறையிலிருந்து கணவர்க்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு மே 21இல் இறந்தார். இவர்களை வணங்குகின்றோம். ஆனால் இக்கதைகளைக் கேட்டுக் கேட்டு, செவிலியரென்றால் சாகத் தயாராயிருக்க வேண்டியவர் என்ற எண்ணம் நமக்குள் புகுந்துவிடலாகாது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரையில் உலகில் கொரோனாவால் இறந்த மருத்துவப் பணியாளர் ஏறத்தாழ 1,15,500 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அந்த 2020ஆம் ஆண்டுதான், முன்னரே முடிவு செய்தபடி, செவிலியரைச் சிறப்பிக்கும் உலக ஆண்டாகக் கொண்டாடப்பட்டது!

நம் நாட்டிலும் 2020 மார்ச் 22இல் கைதட்டினோம், தட்டு அடித்தோம். அதே நாட்களில் வாடகை வீட்டைக் காலி செய்யுமாறு செவிலியரை நெருக்கியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். ஏப்ரல் 22இல் மைய அரசு, பிளேக் காலத்தில் பிறந்த 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரையும், கொடுங்காயம் விளைத்தால் ஏழாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க நேர்ந்தது. மே மாதத்தில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து மணிப்பூரைச் சேர்ந்த ஏறத்தாழ 185 செவிலியர் ஊர் திரும்பினர். வேற்று முகம் படைத்தவர் என்பதால் தெருவில் பட்ட இழிவும் அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. இழிவு என்பது என்னவென்று நம் மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. தீண்டாமையின் வாடையை எந்த வேடத்தில் வந்தாலும் நாம் அறிவோம்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் கொரோனாக் காலத்தில் ஒப்பந்த முறையிற் சேர்க்கப்பட்ட செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் இறுதியோடு பணியிழந்தனர். அதன்மேல் அவர்கள் தெருவில் அமர்ந்து போராடினார்கள். மகாவக்கத்தில் நோயுற்ற பிக்கு இறந்துபோனால் அவருடைய பாத்திரமும் சீவரமும் யாரைச் சேரும் என்றொரு கேள்வி எழுகின்றது. சங்கத்துக்கே உரியவை, ஆயினும் பேணினவர் செய்த உதவி பெரிதாகலின் அவற்றை அவர்க்கே சங்கம் வழங்குக என்பது பகவானின் ஏற்பாடு. மைத்திரியால் பேணுக என்று சொன்ன அதே நூல், பேணினவர்க்கு உரியதைக் கொடுக்கவும் மறக்கவில்லை. வேலை நிலைக்குமா, சம்பளம் வருமா என்று கலங்கும் ஒருவரிடம் மனவுறுதி பற்றிப் பேசுவது கூரை ஒழுகும் வீட்டுக்குள் குடைபிடிக்கக் கற்பிப்பதை ஒக்கும்.

செவிலியர் உள்ள இல்லத்தார் செய்யத்தக்கவற்றை, அப்பெண்ணிடமே கேட்டு இங்கு எழுதுகின்றோம். இரவுப்பணி முடிந்து வருபவரைப் பகலில் எழுப்பலாகாது. உறவினர் வந்திருந்தாலும் எழுப்பலாகாது. அன்று எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்கலாகாது; அவராகச் சொன்னால் இடைமறிக்கலாகாது. அவர் பணிநாட்களில் சமையலும் பிள்ளைகளும் மற்றவர் பொறுப்பு. நாள் முழுவதும் பிறருக்கு ஊட்டியவர் வீட்டிலும் பரிமாற நிற்பது என்ன நியாயம்? இதைக் கணவன்மாரும் மாமியார்மாரும் சிறப்பாகக் கவனிக்க. "நீ தேவதை" என்பதைவிட "தண்ணீர் குடித்தாயா" என்பது நன்று என்றார் அவர்.

வருகின்ற ஞாயிறு மாலை நம் படிப்பு வகுப்பில் அப்பெண் பேச இசைந்துள்ளார். பாதுகாப்பு உடையைக் கழற்றும் முறையை அணிந்து காட்டுவார். உடன் பணிபுரிந்த துணைவரும் எதிரே நின்று படிகளைச் சொல்ல வருகின்றார். அன்பர்கள் தம் மக்களுடன் ஐந்து மணிக்கே வருக. அன்று நம்முடைய சொற்பொழிவு இல்லை.